பால் ஸ்டோர் தாண்டி ஒரு வீடு, விற்பனைக்கு

எங்கள் வீட்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறோம். ஐந்து படுக்கையறை, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சமையலறை, கல்யாணப் பந்தி போடக்கூடிய ஒரு கூடம், சுற்றிலும் முக்கால் ஏக்கர் நிலம், அதில் பழ மரங்கள். விளம்பரம் எழுதிய ஏஜண்டுப் பெண், ‘விசாலமான குடும்ப வீடு, பசுமையான கிராமச் சூழல், தனிமையை விரும்புவோருக்கு மிகவும் ஏற்றது’ என்று போட்டிருந்தாள். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். எதையும் ஒரு முறை சரிபார்க்காமல் விடமாட்டேன். சரிபார்த்தேன். ஒரு வார்த்தையும் பொய் இல்லை. தனிமை என்றால் அப்படியொரு தனிமை. ஆம்புலன்ஸ்கூட வராது.

வீட்டைக் கட்டியவர் என் மாமனார். ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டவும் மருந்து அடிக்கவும் ஆள் சேர்த்துக் கொடுக்கும் காண்ட்ராக்டராக இருந்தவர். புக்கிட் பெலண்டோக் ஊரைத் தாண்டி, தோட்டத்து எல்லையை ஒட்டி யாரோ ஒருவருடைய ரப்பர் நிலம் துண்டு துண்டாக விலைக்கு வந்தபோது ஒரு துண்டை வாங்கிப் போட்டார். பிள்ளைகள் ஐந்து பேர், அதனால் அறைகள் ஐந்து. யாரும் வீட்டை விட்டுப் போகவேண்டிய அவசியமே வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். நான்கு பேர் கல்யாணமான கையோடு போய்விட்டார்கள். கடைசி மகனான என் கணவர் மட்டும் இருந்துவிட்டார். அவரைக் கட்டிக்கொண்டு சிரம்பான் டவுனிலிருந்து நான் வந்து சேர்ந்தேன்.

நான் வரும்போதே ரப்பர் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் செண்டாயான், நீலாய் என்று வேலை இருக்கும் பக்கம் போய், வரிசையாகக் கட்டிய தாமான் வீடுகளில் குடியேறிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று பக்கம் செம்பனை, நான்காவது பக்கம் செம்மண் சாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி வரிசை, சாலை பிரியும் இடத்தில் ஒரே மாதிரி சிம்பாங். 

கல்யாணமான புதிதில் எனக்கு வீட்டுக்கு வழி சொல்லிக்கொடுத்தார்கள். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் பால் ஸ்டோர் வரும், அங்கே இடது பக்கம். ஆயாக்கொட்டகையைத் தாண்டினால் கள்ளுக்கடை மேடு. மேட்டில் ஏறி இறங்கினால் நம் வீடு. முதல் முறை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வந்தபோது, ரப்பர் பால் நிறுக்கும் கட்டடம் ஒன்றைத் தேடினேன். இல்லை. பால் வெட்டப் போகும் அம்மாக்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கொட்டகையைத் தேடினேன். அதுவும் இல்லை. கள்ளுக்கடை என்று எழுதி வைத்திருக்கமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் தேடினேன். திரும்ப மெயின் ரோட்டுக்கே போய்க் கணவருக்குப் போன் செய்தேன்.

“ஸ்டோரைத் தாண்டிட்டியா?” என்றார்.

“ஸ்டோரே இல்லைங்களே.”

“ஸ்டோர் இல்லதான். ஸ்டோர் இருந்த எடம்.”

மந்தமான பிள்ளைக்குச் சொல்லும் பொறுமையோடு சொன்னார். அந்தப் பக்கத்தில் எல்லோருமே இப்படித்தான். அடுப்புக்குக் கேஸ் தோம்பு கொண்டு வருபவர், தேங்காய் பறிப்பவர், கோயில் வசூலுக்கு வருபவர்கள், எல்லோரும் இடித்துப் போட்ட கட்டடங்களில் சரியாகத் திரும்பி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். குலை வெட்ட வந்த வங்காளதேசத்து ஆட்கள்கூட, வாழ்நாளில் ரப்பர் மரத்தையே பார்த்திராதவர்கள், ‘ஸ்தோர், ஸ்தோர்’ என்று கை காட்டுவார்கள். கொஞ்ச காலத்தில் நானும் ஸ்டோரில் திரும்பப் பழகிவிட்டேன். எங்கே திரும்புகிறேன் என்று கேட்டால் எனக்கும் வேறு பதில் தெரியாது.

எங்களுக்கு ஒரே மகள். ஆஸ்துமா. சின்ன வயதிலிருந்தே இன்ஹேலர் பம்ப் கையோடு இருக்கும். புகை, தூசு, மழைக்கால ஈரம் எல்லாம் ஆகாது. ஆகாதவை அத்தனையும் எங்களைச் சுற்றி இருந்தன. ஆனால் பம்ப் அடித்தால் சரியாகிவிடும் என்று பல வருடம் ஓடிவிட்டது. அவளுக்குப் பதினாறு வயதான பிறகு ஒரு மழை நாள் சாயங்காலம், பம்ப் அடித்தும் சரியாகவில்லை. மறுபடி அடித்தாள். மறுபடி. பேசச் சொன்னேன். ஒரு வார்த்தை, ஒரு மூச்சு, ஒரு வார்த்தை, ஒரு மூச்சு என்று வந்தது. பிறகு வார்த்தை வரவில்லை. உதடு நிறம் மாறியது. மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நான் நடத்தியிருக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும்போது என்ன நிறம் என்று பரீட்சையில் கேள்விகூடக் கொடுத்திருக்கிறேன்.

அவசர எண்ணுக்கு அழைத்தேன். வண்டி கிளம்பிவிட்டது, நீங்கள் கிளம்பினால் வழியில் மாறிப்போய்விடும், அங்கேயே உட்கார வைத்திருங்கள் என்றார்கள். உட்கார வைத்திருந்தோம். என் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வண்டி வராமல் போன் வந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர். போனில் வழிகாட்டும் வரைபடம் எங்கள் நிலத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் காட்டுகிறது, அங்கே பூட்டிய கேட் ஒன்றுதான் இருக்கிறது என்று மலாயில் சொன்னார். என் கணவர் போனை வாங்கினார். அவர் மலாய் என்னுடையதைவிட நன்றாக இருக்கும். பதற்றம் இல்லாமல், நிதானமாக, தெளிவாக வழி சொன்னார். பால் ஸ்டோரில் இடது பக்கம், ஆயாக்கொட்டகை தாண்டி, கள்ளுக்கடை மேட்டில் ஏறி இறங்கினால் வீடு. மொழிபெயர்ப்பில் ஒரு பிசகும் இல்லை. 

ஸ்டோர் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநர் கேட்டிருக்க வேண்டும். “ஸ்டோர் இல்லை, ஸ்டோர் இருந்த இடம்” என்று இவர் மலாயில் சொன்னது எனக்குக் கேட்டது. 

அதற்குமேல் நான் உட்காரவில்லை. மகளைத் தூக்கிக் காரின் பின்சீட்டில் போட்டு, அவரை ஓட்டச் சொன்னேன். எதிரே செம்மண் சாலையில், தவறான பக்கமாகப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்த ஆம்புலன்ஸ் எங்களைக் கண்டு விளக்கைப் போட்டது. மழையிலேயே கதவைத் திறந்து அவளை மாற்றினார்கள். முகத்தில் மாஸ்க் வைத்த பிறகு அவள் என் கையைப் பிடித்தாள். அதுவரை பிடிக்கவில்லை.

பிழைத்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்து அந்த வாக்கியத்தை முடிக்காமல் வேறு பக்கம் போய்விட்டார். நான் அதை அவருக்குப் பதிலாக முடித்துக்கொண்டே இருக்கிறேன். வகுப்பில் ஒரு பிள்ளை இருமினால் பாடத்தை நிறுத்திவிடுகிறேன். மகள் தூங்கும் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காருகிறேன். “ம்மா, நீங்க அங்க உக்காந்து மூச்ச பிடிச்சிக்கிட்டு இருக்கீங்க லா, உங்களுக்குதான் முதல்ல ஆகப்போகுது” என்று உள்ளிருந்து சத்தம் வரும். அவள் சாதாரணமாகிவிட்டாள். நான்தான் ஆகவில்லை.

வீட்டை விற்றுவிடலாம், சிரம்பானில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்றேன். கணவர் மறுக்கவில்லை. அவரும் அந்த மழையில் நின்றவர்தான். அண்ணன்கள், அக்கா, தங்கை எல்லோரிடமும் பேசி ஒத்துக்கொள்ள வைத்தார். ஒன்றே ஒன்று மட்டும் சொன்னார்: “விக்கிற வரைக்கும் இங்கதான் இருக்கணும். சாமி ரூம்ல விளக்கு ஏத்தாம வீட்ட இருட்டுல போட்டுட்டுப் போகக் கூடாது. குடியிருக்கிற வீடாதான் கை மாத்திக் குடுக்கணும்.” அவர் அப்பா இருந்தபோதிலிருந்து ஒரு சாயங்காலமும் அந்த வீடு இருட்டாக இருந்ததில்லை. ஊருக்குப் போனால்கூட யாரையாவது வைத்துவிட்டுத்தான் போவார்கள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. நானும் அந்த வீட்டில் வாழ்ந்துதானே பழகியிருக்கிறேன்.

ஏஜண்டுப் பெண் முதல் முறை வந்தபோதே வழி தெரியாமல் மாட்டுத் தொழுவத்தில் போய் நின்றாள். கணவர் மோட்டாரை எடுத்துக்கொண்டு போய் அழைத்து வந்தார். “அங்கிள், உங்க வீடு சூப்பரா இருக்கு. கண்டுபிடிச்சிட்டா விக்கிறது ஈஸி” என்றாள். அதன் பிறகு யார் பார்க்க வந்தாலும் அவர் மெயின் ரோட்டில் மோட்டாரோடு காத்திருப்பார். மழை பெய்தால் குடையோடு காத்திருப்பார்.

வந்தவர்களில் ஒரு சீனப் பெரியவர் வீட்டை மிகவும் ரசித்தார். ஒவ்வொரு அறையாக நுழைந்து கூரையின் உயரத்தை அளந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கூடத்தில் நின்று கையைத் தட்டி எதிரொலி கேட்டார். இந்தக் கூடத்தில்தான் என் நாத்தனாரின் கல்யாணம் நடந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டு, ஜன்னல்களை எல்லாம் செங்கல் வைத்து அடைத்துவிட்டால் ஈரம் நன்றாக நிற்கும் என்றார். அவருக்குக் குடியிருக்க வீடு வேண்டியதில்லை. சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்க்கக் கட்டடம் தேடுகிறார். “குருவிக்கு வழி சொல்ல வேண்டாம், அதுவே வந்துரும்” என்று மகள் என் காதில் சொன்னாள். எனக்கு ஆட்சேபணை இல்லை. யார் வாங்கினால் என்ன? ஆனால் கடைசியில் செம்பனைக்கு அடிக்கும் மருந்து குருவிக்கு ஆகாது என்று அவரே வேண்டாம் என்றுவிட்டார். குருவியின் மூச்சைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறையை நினைத்துக்கொண்டு அன்றைக்கு வெகுநேரம் பாத்திரம் கழுவினேன்.

கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி வாரக் கடைசியில் ஆட்களைத் தங்கவைக்கும் விடுதியாக மாற்றலாம் என்றார்கள். நான் மீன் குழம்பு வைத்திருந்தேன். வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்ப இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நன்றாகச் சாப்பிட்டார்கள். பிறகு வேறு ஒரு நாள் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு வந்து சாப்பிட்டார்கள். மூன்றாவது முறை வருகிறோம் என்றபோது ஏஜண்டுப் பெண்ணே, “ஆண்ட்டி, இவங்க வீடு பாக்க வரல” என்றுவிட்டாள்.

மாதங்கள் ஓடின. ஒவ்வொரு மழைக்கும் நான் காரைச் சாலையை நோக்கித் திருப்பி நிறுத்தி வைத்தேன்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒரு தமிழ்ப் பெரியவர் வந்தார். வேலையில் ஓய்வு பெற்றவர், நீலாயில் மனைவியோடு இருக்கிறார். மெயின் ரோட்டிலிருந்து போன் செய்தார். கணவர் மோட்டார் சாவியை எடுத்தபடி, அங்கேயே நில்லுங்கள், வருகிறேன் என்றார். “எதுக்குத் தம்பி வெயில்ல? வழியச் சொல்லு” என்றார் அவர். வழக்கப்படி இவர் சொன்னார். போனை வைத்துச் சட்டை மாற்றுவதற்குள் வாசலில் கார் நின்றது.

என் கணவரின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. 

“எப்படி வந்தீங்க?”

“நீதானப்பா சொன்ன? ஸ்டோர்ல திரும்பி, ஆயாக்கொட்டகை தாண்டி...” 

அவர் அந்த லயத்தில் பிறந்தவராம். வாலிப வயதில் போனவர் இப்போதுதான் திரும்பி வருகிறார். இருவரும் முற்றத்தில் நின்று செம்பனைக் காட்டைக் காட்டிக் காட்டிப் பேசினார்கள். அது கோயில் திடல், இது பந்து விளையாடும் இடம், அங்கேதானே கணக்கு எழுதும் கிராணி வீடு, இல்லையில்லை அதற்கு இந்தப் பக்கம். வெறும் மரங்களைப் பார்த்துக்கொண்டு இரண்டு பெரிய மனிதர்கள் சண்டை பிடித்தார்கள். அவர் மனைவி, கிள்ளான் டவுனில் வளர்ந்தவர், காரிலிருந்து இறங்கிச் சேலையைச் சரிசெய்து, “ஒண்ணுமே இல்லையே டீச்சர், எதக் காட்டுறாங்க?” என்றார். 

“எனக்கும் தெரியாதுக்கா” என்றேன்.

வீடு முழுவதும் பார்த்தார்கள். பெரியவருக்கு எல்லாம் பிடித்தது. ஐந்தாவது அறையில் ஒழுகும் இடத்தைக் காட்டினேன். அதுவும் பிடித்தது. விலையில் பேரம்கூடப் பேசவில்லை. கூடத்தில் உட்கார்ந்து, அடுத்த வாரமே வக்கீலைப் பார்க்கலாமா என்றார். நான் தேநீர் கொண்டு வந்தேன். 

“எனக்குச் சீனி வேணாம் டீச்சர். போன வருஷம்தான் நெஞ்சப் பொளந்து தச்சு விட்டாங்க” என்றார் உற்சாகமாக.

தட்டை மேசைமேல் வைத்தேன். கணவர் என்னைப் பார்த்தார். என்ன பார்வை என்று எனக்குத் தெரியும். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு அதற்கு வார்த்தை தேவையில்லை. மகள் அறை வாசலில் சாய்ந்து நின்றாள். இந்த மனிதர் கையெழுத்துப் போட்டால் அவள் அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பாள். நான் வாயை மூடிக்கொண்டு பிஸ்கட் தட்டை நகர்த்தினால் போதும்.

பிஸ்கட் தட்டை நகர்த்தினேன். பிறகு அந்த மழை நாளில் நடந்ததை முழுவதும் சொன்னேன்.

பெரியவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். “அது வேற ஊரு டிரைவரா இருக்கும்மா. நான் சொன்னா வந்துருவான்.”

“எப்படிச் சொல்வீங்க?” என்று கேட்டது என் மகள். கூடத்துக்கு வந்து அவர் எதிரே உட்கார்ந்து, கையைக் காதருகே போன் மாதிரி வைத்துக்கொண்டாள். “சரி அங்கிள், நான்தான் ஆம்புலன்ஸ் டிரைவர். உங்களுக்கு நெஞ்சு வலி. மெயின் ரோட்ல இருக்கேன். சொல்லுங்க.”

“உள்ள வாம்மா. பால் ஸ்டோர் வரும்.”

“வரலையே அங்கிள்.”

“வரும். லெஃப்ட்ல.”

“லெஃப்ட்ல செம்பனை இருக்கு.”

“அதான். அந்தச் செம்பனை நிக்கிற எடம்தான்.”

“எல்லா எடத்துலயும் செம்பனைதான் நிக்குது அங்கிள். எந்தச் செம்பனை?”

பெரியவர் யோசித்தார். என் கணவர் அவருக்கு உதவ முன்வந்து, “அந்த ரெண்டாவது கால்வாய்க்கு முன்னால...” என்றார். 

“நீங்க யாரு?” என்றாள் மகள். “நீங்கதான் வீட்ட வித்துட்டுப் போயிட்டீங்களே.” 

சிரித்துவிட்டேன். அந்த மழைக்குப் பிறகு முதல் முறை என்று நினைக்கிறேன். பெரியவரும் சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

“இவரு போன் பண்ணவே மாட்டாரு பாப்பா. இவரு நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழுந்து கெடப்பாரு. நான்தான் பண்ணணும். எனக்கு ஸ்டோரும் தெரியாது, ஆயாவும் தெரியாது.” தன் கணவர் பக்கம் திரும்பினார். “பொறந்த எடத்துலயே போய்ச் சேரணும்னு ஆசையா உங்களுக்கு? கிளம்புங்க.”

“இருடி, டீச்சர் சும்மா ஒரு பேச்சுக்கு...”

“டீச்சர் ஏன் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்” என்றார் அந்த அம்மா. போகும்போது என் தோளைத் தொட்டு, “நல்லா இருங்க” என்றார். பெரியவர் கேட்டருகில் நின்று திரும்பத் திரும்பக் காட்டைப் பார்த்தார். மறுபடி வருகிறேன் தம்பி என்று சொன்னார். கார் ஜன்னல் வழியாக அவர் மனைவி எங்களைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார்.

கார் தூசு அடங்கியது. பிறகு கணவர் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னார்: “நீ சொல்லாம இருந்திருக்கலாம்.”

“ஆப்பரேஷன் பண்ண மனுஷங்க.”

“அவரு சின்னப் பிள்ளையா? அவருக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க. இப்பத்தான பாத்தீங்க? ஸ்டோர்ல திரும்புன்றாரு.”

“நம்ம பிள்ளைக்காகத்தான நான் நாயா அலையிறேன். கெடச்ச ஒரு ஆளு...” என்று ஆரம்பித்துக் கோப்பையைத் தவறவிட்டார். உடையவில்லை. உருண்டு போய் மகள் காலருகில் நின்றது. அவள் அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

“அப்பா, அந்த அங்கிளுக்கு இந்த வீடு ஆகாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஓகே. எனக்கு ஆகுமா?”

“உனக்கு ஆகாதுன்னுதான விக்கிறோம்.”

“அப்ப விக்கிற வரைக்கும் நான் பாத்துப் பாத்து மூச்சு விடணுமா?”

வேண்டுமென்று குத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு என்பதுபோலத்தான் கேட்டாள். கணவர் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அந்த மழை நாளிலிருந்து அத்தனை மாதமும் நான் அந்த வீட்டுக்கு ஆள் தேடியிருக்கிறேன். வந்தவர்களுக்கெல்லாம் சமைத்திருக்கிறேன். காரைத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். வீட்டை விற்காமலே பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம் என்பது, படித்த எனக்கு, ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

“விளக்கு?” என்றார் கணவர். 

அவருக்கு அது சாக்கு இல்லை. அவர் அப்படித்தான். அன்றைக்கே அவருடைய தங்கைக்குப் போன் போட்டேன். போர்ட்டிக்சனில் இருக்கிறாள், சண்டைக்கு அஞ்சமாட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒலிபெருக்கியில் போடச் சொன்னாள்.

“அண்ணே, கேக்குதா? எங்க வீட்ல சாமிக்கு எப்படி வெளக்கு எரியுதுன்னு நெனைக்கிற? நானும் வேலைக்குப் போறேன், அவரும் வேலைக்குப் போறாரு. டைமர் பல்பு. சாயங்காலம் ஆனா தானா எரியும், விடிஞ்சா தானா அணையும். நான் மறந்தாலும் அது மறக்காது.”

“அது பல்பு. வெளக்கு இல்ல.”

“அப்பா காலத்துல மண்ணெண்ணெய் வெளக்கு. அப்புறம் கரண்டு வந்துச்சு. கரண்டு வேணாம்னாரா அப்பா? போடாண்ணே. பிள்ளைய கூட்டிக்கிட்டுப் போ.”

அடுத்த சனிக்கிழமை கணவர் லுக்குட்டுக்குப் போய் டைமரும் பல்பும் வாங்கி வந்தார். சாமி அறையில் ஒன்று. அதைப் பொருத்திவிட்டு, வாசலுக்கு ஒன்று வேண்டும் என்று மறுபடி போனார். கூடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு படுக்கையறைக்கும் ஒன்று. ஒரு வாரம் சாயங்காலமானால் வேலை முடிந்து வந்து முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விளக்குகள் சரியான நேரத்துக்கு எரிகின்றனவா என்று பார்த்தார். அந்த வீட்டில் ஐந்து அறையிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. 

சிரம்பானில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்குப் பார்த்தோம். இரண்டு அறை. எங்கள் பழைய கூடத்தில் இந்த வீட்டை முழுவதுமாக வைத்துக் கதவையும் சாத்தலாம். வீட்டுக்காரர் ஒரு மலாய் அம்மா. தண்ணீர், மின்சாரம், குப்பை போடும் இடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். கடைசியில் என் கணவர், மிகவும் முக்கியமான விஷயம் என்பதால் தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கே வருகிறவர்களுக்கு எப்படி வழி சொல்வது என்று கேட்டார். பி பிளாக், இரண்டாவது மாடி, கதவு எண் இது என்றார் அந்த அம்மா. இவர் மீதிக்காகக் காத்திருந்தார். மீதி இல்லை.

குடிவந்து அடுத்த மழைக்காலம் வந்தது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகளுக்கு மறுபடி வந்தது. பம்ப் அடித்தும் நிற்கவில்லை. கணவர் வீட்டில் இல்லை, பழைய வீட்டில் புல் வெட்டப் போயிருந்தார். போனை எடுத்தேன். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினேன். எண் கிடைத்ததும் பிளாக்கைச் சொன்னேன், மாடியைச் சொன்னேன், கதவு எண்ணைச் சொன்னேன். சொல்ல வேறு எதுவும் இல்லாததால் மறுபடி அதையே சொன்னேன். கேட்டுவிட்டது அம்மா, வைத்துவிடுங்கள் என்றார்கள். மகளின் முதுகைத் தடவிக்கொண்டு, அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நிறம் மாறவில்லை. மாறுவதற்குள் படியில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

மாஸ்க் போட்டு, ஆவி பிடிக்க வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று கீழே அழைத்துப் போனார்கள். வண்டியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துதான் அவருக்குப் போன் செய்தேன். அங்கே வீட்டுக்கு வெளியே லைன் கிடைப்பது அபூர்வம். கிடைத்தது.

“பாப்பாவுக்கு மூச்சு வாங்கிருச்சு. இப்ப பரவாயில்ல. வந்துட்டாங்க” என்றேன்.

“யாரு?”

“ஆம்புலன்ஸ்.”

அந்தப் பக்கம் புல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதை அணைத்தார்.

“எப்படி வந்தாங்க?” என்று கேட்டார்.

“படியேறித்தான்” என்றேன்.

மகள் மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். குனிந்து கேட்டேன். அப்பாவை அங்கேயே இருக்கச் சொல்லுங்கள், அவசரப்பட்டு மழையில் ஓட்டிக்கொண்டு வரவேண்டாம் என்றாள். முழு வாக்கியம். நடுவில் மூச்சு வாங்காமல் சொன்னாள். அதை அப்படியே அவரிடம் சொன்னேன். 

அவர் கேட்கவில்லை. நாங்கள் வார்டுக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில், முட்டி வரை செம்மண்ணோடு வந்து நின்றார்.